குஞ்சக் குல்லாயும் செயற்கைப் புல்லும்: ஃபரோ தீவுகளின் கால்பந்துக் கதை

ஃபரோ தீவுகளின் கால்பந்தைப் பற்றி எழுதுகிற எவரும் ஒரு குல்லாயில்தான் தொடங்குவார்கள். 1990 செப்டம்பர் 12, ஸ்வீடனின் லாண்ட்ஸ்க்ரூனா நகரம். ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ 1992 கோப்பையின் தகுதிச் சுற்றில் ஃபரோ ஆடிய முதல் ஆட்டம். எதிரணி ஆஸ்திரியா, அந்தக் கோடையில்தான் இத்தாலியில் உலகக் கோப்பை ஆடிவிட்டு வந்திருந்தது. முடிவு 1-0, ஃபரோவுக்கு. கோல் அடித்த தோர்கில் நீல்சன் மர வியாபாரத்தில் விற்பனை வேலை பார்த்தவர், சதுரங்கத்திலும் நாட்டுக்காக ஆடியவர். கோல்கீப்பர் யென்ஸ் மார்ட்டின் க்னூட்சன் மீன் ஆலைத் தொழிலாளி. சிறுவயதில் தலையில் அடிபட்டதால் குஞ்சம் வைத்த கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் ஆடுவார். ஆஸ்திரியப் பயிற்சியாளர் யோசெஃப் ஹிக்கர்ஸ்பெர்கர் பதவி விலகினார்.

நல்ல கதைதான். ஆனால் முப்பத்தைந்து வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருந்ததில், அந்த அணி உண்மையில் எப்படி வளர்ந்தது என்பது மறைந்துபோனது. அந்தத் தகுதிச் சுற்றின் கணக்கை முழுதாகப் பாருங்கள். 8 ஆட்டம், 1 வெற்றி, 1 டிரா, 6 தோல்வி. அடித்தது 3 கோல், வாங்கியது 26. பெல்கிரேடில் யூகோஸ்லாவியா மட்டும் 7 போட்டது. இதை 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றோடு வைத்துப் பார்க்கலாம். அதுவும் 8 ஆட்டம்தான். 4 வெற்றி, 4 தோல்வி. அடித்தது 11, வாங்கியது 9. 12 புள்ளி. அன்று வெற்றிக்கு 2 புள்ளி என்பதால் 1992 சுற்றில் கிடைத்தது 3. இன்றைய கணக்கில் போட்டால்கூட 4தான்.

3-26 எப்படி 11-9 ஆனது என்பதுதான் சொல்லவேண்டிய கதை.

வட அட்லாண்டிக்கில் ஐஸ்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே 18 தீவுகள். மக்கள்தொகை இன்று சுமார் 54,000. இதில் சரிபாதி ஆண்கள், அவர்களில் 18 முதல் 35 வயதுக்காரர்கள் நாலில் ஒரு பங்கு என்று வைத்தால் ஆறாயிரத்துச் சொச்சம் பேர். தேசிய அணி பொறுக்கி எடுக்கவேண்டியது இந்தக் கூட்டத்திலிருந்துதான். ஆனால் கால்பந்து அங்கே புதிதல்ல. த்வோரோய்ரி ஊரின் டிபி கிளப் 1892இல் தொடங்கியது. லீக் 1942 முதல் நடக்கிறது. 1979இல் சங்கம், 1988 ஜூலையில் ஃபிஃபா உறுப்பினர், 1990 ஏப்ரலில் ஐரோப்பியச் சம்மேளனமான யூஃபாவின் உறுப்பினர். ஃபரோ தனி நாடல்ல, டென்மார்க் அரசின் கீழ் தன்னாட்சி கொண்ட பகுதி. யூஃபா பிற்பாடு உறுப்பினர் விதியை இறுக்கி, ஐநா அங்கீகரித்த சுதந்திர நாடாக இருக்கவேண்டும் என்றாக்கியது. பத்து வருஷம் தாமதித்திருந்தால் ஃபரோவுக்குக் கதவு திறந்திருக்காது. அதே அரசின் கீழுள்ள கிரீன்லாந்து இன்னும் வெளியேதான் நிற்கிறது. வட அமெரிக்கச் சம்மேளனத்தின் கதவைத் தட்டியது, 2025இல் அங்கேயும் மறுத்துவிட்டார்கள்.

ஃபிஃபா அங்கீகரித்த முதல் ஆட்டம் 1988 ஆகஸ்ட் 24, ஐஸ்லாந்தின் அக்ரானெஸில், 0-1 தோல்வி. அடுத்த ஆண்டு கனடாவை 1-0 என்று வென்றார்கள்.

இனி ஆடுகளத்துக்கு வருவோம். ஆஸ்திரியாவோடு 'சொந்த மண்' ஆட்டம் ஏன் ஸ்வீடனில் நடந்தது? ஃபரோவில் யூஃபா ஏற்கும் புல் ஆடுகளம் ஒன்றுகூட இல்லை. அந்தச் சுற்றின் நான்கு சொந்த மண் ஆட்டங்களும் லாண்ட்ஸ்க்ரூனாவில்தான். அதாவது வீட்டு ஆட்டத்துக்கே விமானம் ஏறவேண்டும்.

புல் இல்லாத ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே பார்க்கும் இடமெல்லாம் பச்சைதான், ஆடுகள் மேய்கின்றன. சிக்கல் அடியில் இருக்கிறது. எரிமலைப் பாறைமேல் மெல்லிய மண். ஆண்டு மழை 1,300 மில்லிமீட்டர் அளவில், அதுவும் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்வதில்லை, வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் தூறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. ஜூலையிலேயே சராசரி வெப்பம் 11 டிகிரிதான் என்பதால் மிதிபட்ட புல் மறுபடி முளைக்க வாரக்கணக்கில் ஆகும். டிசம்பரில் பகல் ஐந்து மணி நேரம். 105க்கு 68 மீட்டர் சமதளம் கிடைப்பதும் லேசில்லை, மலைச்சரிவைக் குடையவேண்டும். கிளப்புகள் பல காலம் சரளை மண்ணில்தான் ஆடின. சரளையில் பந்து எகிறும், சறுக்கித் தடுத்தால் தொடை உரியும். அதனால் சறுக்காமல் நின்று தடுப்பதும், பந்தைத் தரையில் உருட்டாமல் தூக்கி அடிப்பதும் பழக்கமாகிவிட்டது. பழைய ஃபரோ ஆட்டத்தின் முரட்டுத்தனத்துக்குப் பாதிக் காரணம் தரைதான் என்பேன்.

முதல் தீர்வு டொஃப்டிர். ஏஸ்ட்ரோய் தீவின் தென்கோடிக் கிராமம், கடலைப் பார்த்த பாறைச்சரிவில் ஸ்வாங்காஸ்கார் மைதானம். 1992 ஜூனில் அங்கே பெல்ஜியம் வந்து 3-0 என்று வென்று போனது. தோற்றாலும், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம் ஒன்று முதல்தடவையாக ஃபரோ மண்ணில் நடந்தது. தலைநகர் டோர்ஸ்ஹாவ்னின் டோர்ஸ்வொல்லூர் மைதானம் 1990களின் கடைசியில் வந்தது. ஆனால் இரண்டு புல் மைதானத்தால் தேசிய அணிக்கு இடம் கிடைக்குமே தவிர நாட்டுக்கு ஆட்டக்காரர்கள் கிடைக்கமாட்டார்கள். மெய்யான மாற்றம் செயற்கைப் புல். 1980களில் வந்தது கம்பளம் மாதிரியான பழைய ரகம், மணல் தூவியது, விழுந்தால் தோல் போகும். 2000களில் வந்த மூன்றாம் தலைமுறை ரகம்தான் ஆட்டத்தை மாற்றியது. 50-60 மில்லிமீட்டர் நீள இழை, அடியில் எடைக்கு மணல், மேலே மென்மைக்கு ரப்பர் குருணை, அதற்கும் கீழே நீர் வடியும் ஜல்லிப் படுகை. ஒரு முழு மைதானத்துக்கு மணலும் ரப்பரும் சேர்ந்து 150 டன்னைத் தாண்டும். ஒரு புல் ஆடுகளம் வாரத்துக்கு ஐந்தாறு மணி நேர ஆட்டத்துக்கு மேல் தாங்காத ஊரில், இதன்மேல் காலை முதல் இரவு வரை ஆடலாம். விளக்கு போட்டுவிட்டால் டிசம்பர் இருட்டும் பொருட்டில்லை. இன்று சின்ன ஊர்களில்கூட ஒன்று இருக்கிறது. டோர்ஸ்வொல்லூரே இயற்கைப் புல்லைப் பெயர்த்துவிட்டு இதற்கு மாறிவிட்டது.

பராமரிப்பு இல்லாமல் விட்டால் இதுவும் கெடும். காற்றும் மழையும் ரப்பர் குருணையை ஓரத்துக்குத் தள்ளும். கோல் முன்னாலும் பெனால்டிப் புள்ளியிலும் முதலில் காலியாகும். இழை படுத்துவிடும், தரை கெட்டியாகும், முழங்கால் வலிக்கும். வாரம் ஒருமுறை தூரிகை வண்டி ஓட்டி இழையை நிமிர்த்தவேண்டும், குறைந்த இடத்தில் குருணையை நிரப்பவேண்டும். அப்படிச் செய்தாலும் பத்து வருஷத்தில் மாற்றத்தான் வேண்டும். இதில் ஒரு புதுத் தலைவலி: ரப்பர் குருணை விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2031 அக்டோபர் முதல் தடை போட்டிருக்கிறது. ஃபரோ ஒன்றியத்தில் இல்லை. ஆனால் சரக்கு வருவது அங்கிருந்துதானே.

1994 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று: 10 ஆட்டம், 10 தோல்வி, அடித்தது 1, வாங்கியது 38. குல்லாய்க் கதை சொல்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதற்குப்பின் பொறுப்பேற்றவர் ஆலன் சிமொன்சன், 1977இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய டென்மார்க்காரர். 2001 வரை இருந்தார். அவர் காலத்தில் சான் மரினோவை இரண்டு தடவை, மால்டாவை இரண்டு தடவை, லக்ஸம்பர்கை இரண்டு தடவை வென்றார்கள். 1999 ஜூனில் டொஃப்டிரில் பத்துப்பேரான ஸ்காட்லாந்தோடு கடைசி நிமிடத்தில் 1-1.

அந்தக் காலத்து ஆட்ட முறையைச் சொல்லிவிடலாம். பின்னால் நால்வர், நடுவில் ஐவர், முன்னால் தனியாக ஒருவர். பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடைவெளி 10, 12 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஓரங்களை எதிரணிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நடுவை அடைப்பது, பந்து கிடைத்ததும் தூக்கி முன்னே அடிப்பது, கார்னரும் நீண்ட த்ரோவும் கிடைத்தால் உயரமானவர்களை எல்லாம் முன்னே அனுப்புவது. கோல் வந்தால் அதில்தான் வரும்.

எங்கே முறியும்? அறுபதாவது நிமிடத்துக்குப் பின். பந்தைத் தூக்கி அடித்தால் அது மறுபடி உடனே திரும்பி வரும். 90 நிமிடத்தில் பெரும்பங்கு எதிரணியிடம் பந்து இருந்தால், நடுவரிசை ஐவரும் பக்கத்துக்குப் பக்கம் ஓடியே தீர்ந்துபோவார்கள். கால் ஓய்ந்ததும் 12 மீட்டர் இடைவெளி 20 ஆகும், அந்த ஓட்டையில் எதிரணியின் திறமையான ஒருவர் திரும்பி நிற்பார். வாரத்துக்கு மூன்று மாலை பயிற்சி எடுக்கிற பகுதிநேர ஆட்டக்காரர்களுக்கு இது தவிர்க்கமுடியாதது. 2002 செப்டம்பரில் டொஃப்டிரில் ஸ்காட்லாந்துக்கு எதிராக யோன் பெட்டர்சன் 12 நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டார். இடைவேளையில் 2-0. ஆட்டம் முடிந்தபோது 2-2. இன்னும் வலிக்கிற ஒன்று 2010 ஆகஸ்டில் டாலினில். எஸ்டோனியாவுக்கு எதிராக 90 நிமிடம் வரை 1-0 முன்னிலை. கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள்.

காற்றையும் மறக்கக் கூடாது. பார்வையாளர்கள் அதை ஃபரோவின் ஆயுதம் என்பார்கள். அது இருபுறமும் வெட்டும். காற்றுக்கு எதிராக கோல்கீப்பர் உதைத்தால் பந்து நடுக்கோட்டைத் தாண்டாது, அந்தரத்தில் நின்று இறங்கும். இறங்குமிடத்தில் எதிரணி மிட்ஃபீல்டர் காத்திருப்பார். தூக்கி அடிப்பதையே நம்பி வாழும் அணிக்கு அந்தப் பாதி ஆட்டம் நரகம். பனிமூட்டமும் அப்படித்தான். 2007 அக்டோபரில் மூட்டத்தால் பிரான்ஸ் அணியின் விமானம் ஃபரோவின் வாகர் விமான நிலையத்தில் இறங்கமுடியாமல் நார்வேயின் பெர்கனுக்குத் திருப்பிவிடப்பட்டது. ஆட்டத்தன்று தான் வந்து சேர்ந்தார்கள். வந்து 6-0 என்று வென்றார்கள். அந்த யூரோ 2008 சுற்று முழுதும் 12 ஆட்டம், 12 தோல்வி, 4-43. ஆனாலும் அப்போதைய உலகச் சாம்பியன் இத்தாலியிடம் டோர்ஸ்ஹாவ்னில் 1-2 வரை போனார்கள், ரோக்வி யாகப்சன் கோல் போட்டார்.

2001இல் லக்ஸம்பர்கை வென்றபின் தகுதிச் சுற்றில் அடுத்த வெற்றிக்கு எட்டு வருஷம் ஆனது. 2009 செப்டம்பரில் லித்துவேனியாவை 2-1. பயிற்சியாளர் அப்போது அயர்லாந்தின் பிரையன் கெர். பிறகு லார்ஸ் ஓல்சன். யூரோ 1992 கோப்பையை டென்மார்க் தலைவராகத் தூக்கியவர், அதாவது லாண்ட்ஸ்க்ரூனாச் சுற்றில் ஃபரோவின் எதிரணியில் இருந்த நாட்டுக்காரர். அவர் காலத்தில்தான் கிரீஸ். 2014 நவம்பர் 14, பிரேயஸில் யோவான் சிமுன் எட்மண்ட்சன் அடித்த ஒரே கோல். தரவரிசையில் கிரீஸ் 18, ஃபரோ 187. கிரீஸ் பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரியை மறுநாளே அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதம் கழித்து டோர்ஸ்ஹாவ்னில் மறுபடி 2-1. இரண்டாவது வெற்றிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலாவதை யாரும் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். 2015 ஜூலையில் ஃபரோ தரவரிசையில் 74ஆம் இடத்துக்கு ஏறியது.

இந்த முடிவுகளின் தேதியை வரிசையாகப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். ஆஸ்திரியா செப்டம்பர். ஸ்காட்லாந்து ஜூன், செப்டம்பர். ஆஸ்திரியாவோடு 1-1, 2008 அக்டோபர். லித்துவேனியா செப்டம்பர். எஸ்டோனியாவை 2-0 என்று பழிதீர்த்தது 2011 ஜூன். கிரீஸ் ஜூன். துருக்கியை 2-1, 2022 செப்டம்பர் (துருக்கி அதற்குள் குழுவை வென்றுவிட்டது என்பதையும் சொல்லவேண்டும்). ஃபரோ லீக் மார்ச்சில் தொடங்கி அக்டோபரில் முடியும். 10 அணி, 27 சுற்று. மார்ச் மாத ஆட்டங்களுக்கு உள்நாட்டு ஆட்டக்காரர்கள் நான்கு மாத இடைவெளிக்குப்பின் ஓரிரு போட்டி ஆடிவிட்டு வருவார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களும் டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து லீக்குகளில்தான் பெரும்பாலும்; அங்கேயும் குளிர்கால விடுமுறை. செப்டம்பர், அக்டோபரில் அதே கால்கள் 20 போட்டி கடந்து சூடாக இருக்கும். பிரேயஸ் நவம்பர், 2001 லக்ஸம்பர்க் வெற்றி மார்ச் என்ற விலக்குகள் உண்டு. ஆனாலும் இந்த அணியின் முடிவைக் கணிக்க எனக்கு ஒரே ஒரு தகவல்தான் தரலாம் என்றால், எதிரணி யார் என்பதற்கு முன் மாதம் எது என்று கேட்பேன்.

ஆட்ட முறை மாறியதற்கு, ஐரோப்பிய நாடுகளைத் தரவாரியாக அடுக்குகளாகப் பிரித்து யூஃபா நடத்தும் நேஷன்ஸ் லீக்கைத்தான் கைகாட்டவேண்டும். 2018க்கு முன் ஃபரோ பெரும்பாலும் ஆடியது குழுக் குலுக்கலில் கடைசி வரிசை அணியாக, தன்னைவிடப் பெரிய நாடுகளோடு. வருஷத்துக்கு ஒரே ஒரு ஆட்டத்தில்தான் பந்து கையில் இருக்கும். பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று பழக இடமே இல்லை. நேஷன்ஸ் லீக் அவர்களைச் சமமானவர்களோடு கட்டிப்போட்டது. 2020இல் மால்டா, லாத்வியா, அண்டோரா உள்ள குழுவில் 3 வெற்றி, 3 டிரா, தோல்வியே இல்லாமல் மேலேறினார்கள். அப்போது பயிற்சியாளர் ஹோகன் எரிக்சன், 2015இல் ஸ்வீடனின் 21 வயதுக்குட்பட்ட அணிக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்தவர். அடைத்து நிற்கிற அண்டோராவைத் திறக்கவேண்டுமென்றால் தூக்கி அடித்து ஆகாது. பாஸ் வேண்டும், ஓரத்தில் இருவர் சேர்ந்து ஆடவேண்டும், பந்து பறிபோனால் உடனே அங்கேயே அழுத்தவேண்டும். செயற்கைப் புல்லில் வளர்ந்த தலைமுறைக்கு அது கைவந்தது.

பணமும் அதே சமயத்தில் வந்தது. தகுதிச் சுற்று ஒளிபரப்பு உரிமையை யூரோ 2016 சுற்றிலிருந்து யூஃபாவே மொத்தமாக விற்றுப் பங்கு தருகிறது. முன்பானால் பெரிய நாடு எதுவும் குழுவில் விழாத வருஷம் சங்கத்துக்கு வருமானம் வறண்டுவிடும். கிளப் பக்கம் 2023இல் கேஐ க்லாக்ஸ்விக் செய்ததைச் சொல்லவேண்டும். ஐயாயிரம் பேர் உள்ள ஊரின் அணி சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஸை புடாபெஸ்டில் 3-0 என்று வீழ்த்தியது, ஸ்வீடனின் ஹேக்கனைப் பெனால்டியில் வென்றது, நார்வேயின் மோல்டேயிடம் கூடுதல் நேரத்தில் தோற்று, ஐரோப்பிய கிளப்புகளின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் குழுச் சுற்றுக்குள் நுழைந்தது. ஃபரோ கிளப் ஒன்று அவ்வளவு தூரம் போனது அதுவே முதல்தடவை. நுழைந்ததற்கே கிடைக்கும் தொகை 29.4 லட்சம் யூரோ. அங்கே பிரான்சின் லீலோடு 0-0, ஸ்லோவேனியாவின் ஒலிம்பியா லுப்லியானாவை 3-0.

2020 டிசம்பரில் திறந்த ஏஸ்ட்ரோய் கடலடிச் சுரங்கத்தையும் இந்தக் கணக்கில் சேர்ப்பேன். 11.2 கிலோமீட்டர், கடலுக்கடியில் ரவுண்டானாவோடு. டோர்ஸ்ஹாவ்னிலிருந்து டொஃப்டிர் பக்கம் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது கால் மணி நேரமாயிற்று. வேலை முடித்து மாலைப் பயிற்சிக்கு வருகிறவருக்கு அது எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

2025க்கு வருவோம். பயிற்சியாளர் உள்நாட்டவர், எய்துன் க்லாக்ஸ்டைன். மார்ச்சில் செக் நாட்டிடம் 1-2, மாண்டிநெக்ரோவிடம் 0-1. ஜூனிலும் செப்டம்பரிலும் ஜிப்ரால்டரை வென்றார்கள், இடையே குரோஷியாவிடம் 0-1. அக்டோபர் 9, டோர்ஸ்ஹாவ்ன்: மாண்டிநெக்ரோவை 4-0. சான் மரினோவை வென்ற 3-0வையும் மிஞ்சிய முடிவு. மூன்று நாள் கழித்து செக் நாட்டை 2-1. ஹானுஸ் சொரென்சன் கோல் போட்டார், செக் சமன் செய்தது, மூன்றே நிமிடத்தில் மார்ட்டின் அக்னார்சன் மறுபடி முன்னிலை தந்தார். பழைய ஃபரோவாக இருந்தால் அந்தச் சமன் கோலோடு கதை முடிந்திருக்கும். செக் பயிற்சியாளர் இவான் ஹாஷெக் வேலை இழந்தார். ஹிக்கர்ஸ்பெர்கர், ரனியேரி வரிசையில் மூன்றாமவர். நவம்பரில் ரியேகாவில் முதல் கோலை அடித்தும் குரோஷியாவிடம் 1-3 தோற்றதால் இரண்டாம் இடத்துக்கான வாய்ப்பு போயிற்று. கடைசிப் புள்ளிக் கணக்கு: குரோஷியா 22, செக் 16, ஃபரோ 12. மார்ச் மாதத்து இரண்டு ஒரு கோல் தோல்விகளை இந்த அட்டவணையோடு சேர்த்துப் பாருங்கள். செக் நாட்டோடு மார்ச்சிலும் வென்றிருந்தால் 15க்கு 13 என்று ஃபரோ மேலே முடித்திருக்கும்.

2026 முதல் ஃபிஃபா நாட்காட்டி மாறுகிறது. செப்டம்பர், அக்டோபர் என்று தனித்தனியாக இருந்த இடைவெளிகள் ஒன்றாகி, செப்டம்பர் கடைசியில் தொடங்கி 16 நாளில் நான்கு ஆட்டம். ஃபரோவுக்கு மிகப் பிடித்த பருவத்தில் நான்கு ஆட்டம் என்பது ஒருவகையில் நல்ல சேதி. ஆனால் நான்கு நாளுக்கு ஒன்று ஆட 11 பேர் போதாது, 18, 20 பேர் சமதரத்தில் வேண்டும். ஃபரோவிடம் அந்த ஆழம் நடுவரிசையில் உண்டு, கோல் முன்னால் இல்லை. உள்நாட்டு லீக்கிலிருந்து வருகிற பலர் இன்னும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். மூன்று, நான்கு நாள் விடுப்பு தருகிற முதலாளி சேர்ந்தாற்போல் மூன்று வாரம் தருவாரா என்பதையும் பயிற்சியாளர் இனி அணித் தேர்வுக்கு முன் விசாரிக்கவேண்டியிருக்கும்.